கல்லுக்குத் திரும்பும் வழி: மைசூர்க் கல்வெட்டுப் படிகளும் ஆய்வுப் பிரசுரத்தின் நேர்மையும்

வினா

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவிலே வைக்கப்பட்டிருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் ஒற்றியெடுத்த பிரதிகளை, ஆறு மாத காலத்துக்குள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமென்று உத்தரவிட்டபோது, அதுவரை மைப்படி என்ற சொல்லையே செவியுற்றிராத பலரும் அதைப் பற்றிப் பேசத் தலைப்பட்டனர். தமிழரின் சரித்திர ஆதாரங்கள் அயல் மாநிலத்தில் எட்டாத இடத்தில் கிடக்கின்றன என்ற வருத்தம் பல காலமாக இருந்து வந்ததே. அந்த வருத்தத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் அச்சந்தர்ப்பத்தில் எழுந்த பேச்செல்லாம் பெரும்பாலும் படிகள் எங்கே இருக்க வேண்டும் என்ற ஒன்றையே சுற்றி வந்தபடியால், அப்படிகளில் உள்ள வாசகம் எவ்வாறு அச்சேறிற்று, எவ்வளவு அச்சேறாமல் நின்றது, அச்சேறியதை நம்புவதற்கு வாசகனுக்கு என்ன பிரமாணம் இருக்கிறது என்ற கேள்விகள் கவனிப்பாரின்றிப் போயின.

இக்கட்டுரை அக்கேள்விகளையே எடுத்துக்கொள்கிறது. அலுவலகங்கள் இடம் பெயர்கின்றன, அச்சு முறை மாறுகிறது, பணம் வற்றுகிறது, ஒரு தலைமுறை அறிஞர் மறைந்து, மற்றொரு தலைமுறை வேறு கேள்விகளோடு வருகிறது. இத்தகைய மாறுதல்களுக்கு நடுவில் ஆய்வுப் பிரசுரம் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது? கல்வெட்டுப் பதிப்பின் நூற்று முப்பது ஆண்டுச் சரித்திரம் இதற்கு ஒரு தெளிந்த விடையைத் தருகிறது என்பது என் அபிப்பிராயம். பதிப்பிலிருந்து படிக்கும், படியிலிருந்து கல்லுக்கும் வாசகன் திரும்பிச் செல்லக்கூடிய வழி திறந்திருக்கும் வரையில் பிரசுரம் எந்த உருவத்தை எடுத்தாலும் அதன் நேர்மை குலைவதில்லை. அந்த வழி அடைபட்டுவிட்டாலோ, அழகிய அச்சும் பெரிய பெயரும் அதைக் காப்பாற்றுவதில்லை.

தஞ்சை ஏடும் மைசூர்ப் பதிப்பும்

கல்வெட்டுக்குப் போகுமுன், அதே மைசூரில் ஓர் ஓலைச்சுவடி அச்சேறிய வரலாற்றைச் சற்று நினைவுகூர்வது உபகாரமாயிருக்கும். 1891-இல் தொடங்கப்பெற்று இன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமாக விளங்கும் அரசாங்கச் சுவடி நூலகத்துக்கு, 1905-ஆம் ஆண்டளவில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கிரந்த லிபியில் எழுதிய ஓர் ஓலைச்சுவடியை அளித்தார். நூலகத்தில் பணிபுரிந்த ஆர். சாமசாஸ்திரி அதைப் பரிசோதித்து, பெயராலும் மேற்கோள்களாலும் மட்டுமே அறிஞருலகம் அறிந்திருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அது என்று கண்டார். மூலத்தை அச்சிடுவதற்கு முன்பே மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாகப் பத்திரிகைகளில் வெளியிடத் தொடங்கினார். 1909-இல் மூலம் வெளிவந்தது. 1915-இல் மொழிபெயர்ப்பு, கல்வெட்டறிஞர் பிளீட்டின் முகவுரையோடு முழு நூலாக வந்தது.

ஒரே பிரதியையும், நூலின் சிறு பகுதிக்கு மட்டும் கிடைத்த பட்டசுவாமியின் உரையையும் கொண்டு, இத்தனை கடினமான ஒரு சாஸ்திர நூலைப் பதிப்பிப்பது துணிச்சலான காரியம். பிழைகள் நேர்வது நிச்சயம், நேர்ந்தன. ஆனால் எந்தச் சுவடியைக் கொண்டு பதிப்பித்தார், அது எவ்வாறு கிடைத்தது என்பதைச் சாமசாஸ்திரி முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சுவடியும் நூலகத்திலேயே இருந்தது. ஆகவேதான் வேறு சுவடிகள் கிடைத்த பின்பு லாகூரில் யாலியும் ஷ்மிட்டும், திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியும் 1920-களில் தத்தம் பதிப்புகளை வெளியிட்டபோதும், பம்பாயில் காங்லே 1960-இல் தம் திருந்திய மூலத்தை வெளியிட்டபோதும், ஒவ்வொருவரும் முன்னவரை எந்த இடத்தில் மறுக்கிறோம் என்று சுட்டிக்காட்ட இயன்றது. சாமசாஸ்திரி திருத்தப்பட்டார், அதனால் அவர் பெருமை குறையவில்லை. திருத்துவதற்கு இடம் வைத்துப் பதிப்பித்ததே அவருடைய பெருமை என்று நான் கருதுகிறேன்.

தமிழர்க்கு இது புதிய தர்மமன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் தமக்குக் கிடைத்த பிரதிகளை எண்ணி, யாரிடமிருந்து வந்தவை என்று பெயர் சொல்லி, பின்வந்த பதிப்புகளில் பாடபேதங்களையும் பெருக்கிக்கொண்டே போனது, தாம் தேர்ந்த பாடத்தை ஏற்காதவனுக்கும் ஆதாரத்தை ஒப்படைக்கும் செயலேயாம்.

படி என்ற பிரமாணம்

கல்வெட்டின் விஷயத்தில் இந்தத் தர்மம் மேலும் கடினமாகிறது. சுவடியை நூலகத்தில் வைக்கலாம். கோயில் அதிஷ்டானத்தைப் பெயர்த்து வைக்க முடியாது. ஆதலால் மைப்படி என்ற உபாயம் வந்தது. கல்லைத் துலக்கி நீரூற்றிக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தடித்த தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் குழிக்குள் இறங்கச் செய்து, மையைத் துணிப்பொதியால் ஒற்றினால், குழிந்த எழுத்து வெள்ளையாகவும் சூழ்ந்த கல்லின் பரப்பு கருப்பாகவும் பதியும். உலர்ந்ததும் உரித்தெடுத்து, ஊரும் கோயிலும் சுவரின் திசையும் குறித்து, எண்ணிட்டு மடித்து வைப்பார்கள். வெயிலில் சாரத்தின்மேல் நின்று இதைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தத் தொகுதியின் முகப்பிலும் இல்லை. ஆயினும் தென்னிந்திய சரித்திரம் என்று நாம் இன்று எழுதுவதன் பெரும்பகுதி அவர்களுடைய கையிலிருந்து வந்தது.

படியைப் பார்த்தவுடன் வாசகம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. பழைய தமிழ்ச் சாஸனங்களில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் எழுத்தில் வேற்றுமை இல்லை. ரகரமும் காலும் ஒரே உருவம் கொண்டு நிற்கும் இடங்கள் பல. கொள் என்பதா, கோள் என்பதா, பெறு என்பதா, பேறு என்பதா என்று இடத்தைப் பார்த்துத்தான் துணிய வேண்டும். கல் பொரிந்திருக்கலாம்; பிற்காலத்தில் கட்டிய மண்டபச் சுவர் வரியின் பாதியை மறைத்திருக்கலாம். ஆகையால் அச்சில் நாம் காணும் ஒவ்வொரு வரியும் பதிப்பாசிரியரின் தீர்ப்பே. பகர அடைப்புக்குள் ஐயத்துக்குரிய எழுத்தையும், உடுக்குறியிட்டுத் தாம் நிரப்பிய எழுத்தையும், அடிக்குறிப்பில் தாம் திருத்திய வடிவத்தையும் பதிப்பாசிரியர் வேறு வேறாகக் காட்டும் மரபு இதனால் ஏற்பட்டது. படிப்பவனுக்கு அது சலிப்பைத் தரலாம்; ஆனால் கல்லில் உள்ளது எது, பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்பதை இக்குறிகளன்றி வேறொன்றும் தெரிவிப்பதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. திருப்பணியின் பெயரால் சுவர்கள் பிரித்துக் கட்டப்பட்டன, சுண்ணம் பூசப்பட்டது, அண்மைக்காலத்தில் மணல் வீச்சு முறையால் கல்லின் மேற்பரப்பே உராய்ந்துபோன கோயில்களும் உள. கல் அழிந்த இடத்தில் படி ஒன்றே சாட்சி. பிரதியாகப் பிறந்தது மூலமாக மாறிவிடுகிறது. மைசூர்ப் படிகளைப் பற்றிய கவலை உண்மையில் இதனால்தான் கவலை.

எதைத் துறந்தார்கள்

1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராக நியமனம் பெற்ற இ. ஹுல்ச், 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையின் முதல் தொகுதியை வெளியிட்டார். சாஸனத்தின் வாசகம், ஆங்கில மொழிபெயர்ப்பு, முகவுரை, குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் முழு உபசாரம் செய்யும் முறையை அவர் கைக்கொண்டார். இரண்டாம் தொகுதி பெரும்பாலும் தஞ்சைப் பெரிய கோயிலின் சாஸனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1891-இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது. நூல் முற்றுப்பெறுவதற்குள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஹுல்ச் 1903-இல் ஜெர்மனிக்குத் திரும்பினார். அவர் பணியை ஏற்ற வி. வெங்கய்யா 1912-இல் காலமானார், எச். கிருஷ்ண சாஸ்திரி வந்து முடித்துவைத்தார். ஒரு கோயிலின் சாஸனங்களை முறையாகப் பதிப்பிக்க மூன்று அறிஞர்களின் காலம் தேவைப்பட்டது என்பது அப்பணியின் உயர்வையும் அதன் அபாயத்தையும் ஒருங்கே காட்டுகிறது. ஏனெனில் அதே காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படிகள் அலுவலகத்துக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன.

கிருஷ்ண சாஸ்திரியின் காலத்தில் ஒரு முக்கியமான தீர்மானம் எடுக்கப்பட்டது. 1923-இல் வந்த நான்காம் தொகுதி முதலாக மொழிபெயர்ப்பு விடப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னட வாசகங்கள் அந்தந்த லிபியிலேயே, ஒரே தொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில், சிறு தலைப்புகளோடு மட்டும் அச்சாயின. ஐந்தாம் தொகுதியும் ஆறும் ஏழும் எட்டும் இதே வழியில் வந்து, 1937-க்குள் பெருந்திரளான வாசகங்கள் அறிஞர் கைக்குக் கிட்டின.

இத்தீர்மானத்தைத் தரத் தாழ்வு என்று கருதுவோர் உண்டு. மொழிபெயர்ப்பு இல்லாத தொகுதி, தமிழறியாத ஆராய்ச்சியாளனுக்கு மூடிய கதவு. சொற்பொருள் விளக்கம் இல்லாதபடியால் தமிழறிந்தவனும் பல இடங்களில் தடுமாறுவான். இவ்வாட்சேபத்தில் உண்மை இருக்கிறது. எனினும், எதைத் துறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். வாசகனுக்குச் செய்யும் சௌகரியத்தைத் துறந்தார்கள், ஆதாரத்தைத் துறக்கவில்லை. வாசகம் முழுமையாக இருந்தது, அடைப்புக்குறி இருந்தது, எந்த ஆண்டில் எந்த எண்ணில் படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. மொழிபெயர்ப்பைப் பின்வருகிறவர் செய்துகொள்ளலாம், செய்தும் கொண்டனர். நெருக்கடியில் ஒரு பிரசுரம் தன்னை எவ்வாறு குறுக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இதனினும் நேர்த்தியான உதாரணத்தை நான் அறியேன்.

சுருக்கம் மூலத்தின் இடத்தைக் கொண்டது

அதே அலுவலகம் செய்த மற்றொரு ஏற்பாட்டைப் பற்றி இவ்வாறு சொல்ல இயலவில்லை. 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வெளிவரலாயின. அவ்வாண்டு எடுத்த படிகள் ஒவ்வொன்றுக்கும் இடம், மன்னன், ஆட்சியாண்டு, மொழி ஆகியவற்றையும், பொருளை இரண்டு மூன்று வரியிலும் அவை தந்தன. வாசகம் முழுவதும் அச்சாகும் வரையில் அறிஞர்க்கு ஒரு வழிகாட்டியாக இருக்கட்டும் என்பதே உத்தேசம். அந்த அளவில் அது போற்றத்தக்க ஏற்பாடு. வி. ரங்காசாரி 1919-இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை ஜில்லாவாரியாகத் தொகுத்த மூன்று தொகுதிகள் இவ்வறிக்கைகளின்றி எழுந்திரா. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் அடிக்குறிப்புதோறும் வரும் எண்ணும் ஆண்டும் இவ்வறிக்கைகளின் எண்ணும் ஆண்டுமே.

ஆனால் வாசகங்கள் பின்னால் வரவில்லை. 1903-04-இல் சேகரித்தவற்றைத் தாங்கிய பதினேழாம் தொகுதி 1964-இல் வந்தது என்பதைக் கொண்டே தாமதத்தின் அளவை ஊகிக்கலாம். மன்னர் குலவாரியாகப் பல்லவர்க்கும் சோழர்க்கும் பாண்டியர்க்கும் சில தொகுதிகளும், ஸ்ரீரங்கம் கோயிலுக்கென்று ஒரு தொகுதியும் வந்தன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் படியெடுத்தவற்றில் பெரும்பகுதி முழு வாசகமாக அச்சேறவில்லை. வழிகாட்டிப் பலகை ஊராகவே கருதப்பட்டுவிட்டது. இரண்டு வரிச் சுருக்கத்தை நம்பி ஆய்வுரைகள் எழுந்தன; அவற்றை நம்பி வேறு ஆய்வுரைகள் எழுந்தன.

சுருக்கத்தில் போனது என்ன? அரசன் பெயரும் தானத்தின் தன்மையும் நிற்கும். நில எல்லைகளும், அளவுகோலின் பெயரும், வரிகளின் பெயர்களும், கையெழுத்திட்ட ஊராரின் பெயர்களும் போய்விடும். அரசர் வம்சாவளியே சரித்திரம் என்றிருந்த காலத்துக்கு அவை உதிரிகள். குடியானவனையும் நிலவுடைமையையும் சமூகத்தின் அமைப்பையும் பற்றிக் கேட்கத் தொடங்கிய காலத்துக்கு அவையே சரித்திரம். சுருக்கம் எழுதியவர்மேல் குற்றமில்லை. அவர் தம் காலத்தின் கேள்விகளுக்கு விடை எழுதினார். ஆனால் வருங்காலத்தின் கேள்வி எதுவென்று எவராலும் அறிய முடியாதபடியால், முழு வாசகத்துக்குப் பிரதியாக எந்தச் சுருக்கமும் நிற்க முடியாது.

சோழர் காலச் சமூகத்தை ஆராய்ந்த நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தச் சுவரில்தான் முட்டினார்கள். ஒரு வட்டாரத்தின் சாஸனங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் படித்து, அவற்றில் வரும் பெயர், பட்டம், வரிச்சொல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து முடிவு கூறுவது அவர்கள் கைக்கொண்ட முறை. அச்சான வாசகங்களோடு, அலுவலகத்தில் படியைப் பார்த்து ஊழியர் எழுதிவைத்த கையெழுத்துப் பெயர்ப்புகளையும் நாடிச் சென்று படிக்க வேண்டியதாயிற்று. தொரு மத்சுயியோடு சேர்ந்து அவர்கள் 1978-இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி அவ்வுழைப்பின் பயன்களில் ஒன்று. இடைக்காலத் தென்னாட்டு அரசைப் பற்றி பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட நூலுக்கு எதிராக இவ்வறிஞர்கள் எழுப்பிய முக்கியமான ஆட்சேபம், கல்வெட்டு மூலங்களைத் தொகுத்து ஆராயாமல் பொது முடிவுக்கு வந்தார் என்பதே. அவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம் அதிகம் என்பதை இங்கு ஆராய வேண்டுவதில்லை. வாசகங்கள் அனைவர் கையிலும் இருந்திருந்தால் விவாதம் வேறு தளத்தில், மேலும் பலருடைய பங்கோடு நடந்திருக்கும்; மூலத்தைப் பார்க்கும் வாய்ப்பு மைசூருக்கு மாதக்கணக்கில் சென்று தங்கக்கூடிய சிலருக்கே வாய்த்தது என்பதுதான் இங்கு நம் கவனத்துக்குரியது.

இக்குறையை வேறு பலர் ஓரளவு நிரப்பினார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இலேயே தன் எல்லைக்குட்பட்ட சாஸனங்களின் வாசகங்களை ஒரே நூலாக வெளியிட்டுவிட்டது. ஒரு சிறு சமஸ்தானம் செய்த அக்காரியத்தைப் பேரரசு செய்யவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது. 1961-இல் தோன்றிய தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வட்டார வாரியாகத் தொகுதிகளை வெளியிட்டது. தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டு வரும் ஆவணம் என்ற ஆண்டிதழ், புதிதாகக் கண்ட சாஸனங்களை வாசகத்தோடு உடனுக்குடன் அச்சிட்டு வருகிறது.

பெயர்ந்த அலுவலகமும் மாறிய எண்களும்

கல்வெட்டு அலுவலகம் பெங்களூரில் தொடங்கிச் சென்னைக்கு வந்து, பின் உதகமண்டலத்துக்குப் போய், 1966-இல் மைசூரை அடைந்தது. மைசூரில் அதற்கு முன்பே கல்வெட்டுப் பதிப்புக்கு ஒரு தொன்மையான மரபு இருந்தது. பி. எல். ரைஸ் 1886-க்கும் 1905-க்கும் இடையில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட கர்நாடகச் சாஸனத் தொகுப்பில், கோலார், பெங்களூர்ப் பகுதிகளின் தமிழ்ச் சாஸனங்கள் ஏராளமாக உள்ளன; கொங்கு எல்லையைக் கடந்து சோழர் ஆட்சி எவ்வளவு தூரம் பரவிற்று என்று அறிய விரும்புகிறவன் அவற்றை விட்டு நகர முடியாது. அவர் பெரிதும் நம்பிய கங்க மன்னரின் செப்பேடுகளில் பலவற்றைப் போலி என்று பிளீட் மறுத்தார், ரைஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அச்சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. வாசகம் அச்சில் இருந்தபடியால்தான் மறுக்கவும் முடிந்தது, மறுப்பை மறுக்கவும் முடிந்தது.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கன்னட ஆராய்ச்சி நிலையம் 1972 முதல் அத்தொகுதிகளைத் திருத்தி, புதிதாகக் கண்டவற்றையும் சேர்த்து மறுபதிப்புச் செய்யத் தொடங்கியது. ஜில்லா எல்லைகள் மாறியிருந்தபடியால் சாஸனங்களின் வரிசையும் எண்ணும் மாறின. பழைய எண்ணைக் கொண்டு எழுதிய எழுபது ஆண்டு ஆய்வுகளைப் படிக்கிறவன், புதிய தொகுதியில் அதே சாஸனத்தைத் தேடி அலையக்கூடாதல்லவா? ஆதலால் திருந்திய பதிப்பைக் குறிக்கும்போது அதற்கென்று தனிக் குறியீடு சேர்த்து எழுதும் பழக்கம் அறிஞரிடையே நிலைபெற்றது. அற்பமான விஷயம் போலத் தோன்றும். ஆனால் எண் என்பது வாசகனுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள கயிறு. அது அறுந்தால் கல்லும் இருக்கும், வாசகனும் இருப்பான், ஒருவரையொருவர் காண மாட்டார்கள்.

இதே அளவுகோலைக் கொண்டு 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அதன் பின் தொகுதி தொகுதியாக நடைபெறத் தொடங்கிய இடமாற்றத்தையும் நோக்க வேண்டுமென்பது என் கோரிக்கை. தமிழ்ப் படிகள் தமிழறிஞர் எளிதில் அணுகும் இடத்தில் இருப்பது நன்றே. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் 2006-இல் தொடங்கிய செம்மொழித் தமிழ்ப் பணி 2008-இல் சென்னைக்கு வந்ததால் தமிழ் மாணாக்கருக்கு அனுகூலமே உண்டாயிற்று. அதற்காக, அரை நூற்றாண்டுக்கு மேலாக அப்படிகளைப் பேணி, அவற்றின் பெயர்ப்புகளை எழுதி வைத்த மைசூர் அலுவலக ஊழியரைத் தமிழ்ப் பகைவர் போலச் சித்திரிப்பது நன்றி மறத்தலாகும்; அவர்களிற் பலர் தமிழ்ச் சாஸனங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். படி எங்கிருந்தாலும் வாசகம் அச்சேறாதிருந்தால், மைசூரின் அலமாரிக்குப் பதிலாகச் சென்னையின் அலமாரி என்ற ஒரு வேற்றுமையைத் தவிர வேறென்ன கிட்டும்? பழைய தாளை ஒவ்வொரு முறை மடிப்புப் பிரித்து மடிக்கும்போதும் மடிப்புக் கோட்டில் எழுத்துத் தேய்கிறது; ஆகவே பயணமே சேதத்துக்கு ஒரு ஹேது. பதிவேட்டின் எண்ணும், தாளின் மேலுள்ள எண்ணும், அதற்குரிய கையெழுத்துப் பெயர்ப்பும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று கட்டுக்குக் கட்டு சரிபார்த்து அனுப்புவது, எத்தனை மாதத்தில் அனுப்புவது என்பதைவிட முக்கியமானது.

இயந்திரத்தின் காலம்

இந்திய அரசின் 2023-24 வரவு செலவுத் திட்ட உரையில், கல்வெட்டுகளுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியம் அமைக்கப்படுமென்றும் முதற்கட்டத்தில் 1 லட்சம் கல்வெட்டுகள் மின்வடிவம் பெறுமென்றும் அறிவிக்கப்பட்டது. சாஸனங்களின் பிரசுரம் இதுவரை கண்ட மாறுதல்களில் இதுவே மிகப் பெரிதாயிருக்கக்கூடும். நான் இதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் நூலகக் கதவுகள் அடைபட்டபோது, மின்வடிவம் பெற்றிருந்தவையே ஆய்வாளனுக்கு மிஞ்சின. அதற்கும் முன்பு, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலான துயரத்தை அனுபவித்த தமிழினத்துக்கு, ஒன்றுக்குப் பல பிரதி வைப்பதன் அவசியத்தை யாரும் போதிக்க வேண்டுவதில்லை. ஈழத் தமிழர் 2005 முதல் நூலகம் என்ற மின்னூலகத்தை வளர்த்து வருவதும் அந்நினைவு தந்த முயற்சியே என்று கருதலாம்.

ஆயினும் ஆண்டறிக்கைகளின் வரலாறு மறுபடி நிகழலாம் என்ற அச்சம் எனக்குண்டு. படியின் நிழற்படம் மட்டும் கிடைத்து, ஆண்டறிக்கை எண்ணும் கோயிலும் சுவரும் படியெடுத்த ஆண்டும் அதனோடு சேராவிட்டால், அது பெயரற்ற படமாகத் திரியும். இயந்திரத்தைக் கொண்டு எழுத்துகளைப் படிக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவற்றால் காலம் மிச்சப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ரகரமா காலா, குறிலா நெடிலா என்ற ஐயத்தை, தேர்ந்த கல்வெட்டறிஞர் அடைப்புக்குள் வைத்துக் காட்டினார்; இயந்திரமோ, கேளாவிட்டால், தன் ஐயத்தைக் காட்டாமலே ஓர் எழுத்தைத் தேர்ந்து, பொரிந்த இடத்தையும் மரபுத் தொடர்களைக் கொண்டு நிரப்பி, வழுவழுப்பான வாசகத்தை நம் முன் வைத்துவிடும். மன்னன் புகழ் கூறும் மெய்க்கீர்த்தி போன்ற திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே, எங்கும் வராத ஓர் ஊர்ப்பெயர் வரும் இடத்தில் அது தவறும்போது நமக்குத் தெரியாமற் போகும். ஐயக்குறி இல்லாத வாசகத்தைக் கல்வெட்டு என்று வெளியிடுவதை எந்த நிறுவனமும் ஒப்பலாகாது.

இச்சமயத்தில் ஆய்விதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதவி உயர்வுக்கு எண்ணிக்கையே அளவாகிவிட்டபடியால் போலி இதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட இதழ்களை நீக்கிற்று. 2019-இல் வேறொரு பட்டியலை ஏற்படுத்தி, 2025-இல் அதையும் கைவிட்டது. பட்டியல் இருந்தாலும் போனாலும், சாஸனத்தைப் பற்றிய கட்டுரையை ஏற்குமுன் ஆசிரியர் வாசகத்தைப் படித்தாரா, சுருக்கத்தை மட்டும் படித்தாரா என்று கேட்கும் இதழாசிரியர் ஒருவர் இருந்தால் போதும். இக்கேள்விக்குப் பணம் தேவையில்லை; அரசாணையும் தேவையில்லை.

செய்யத் தகுவது ஒன்று

கையெழுத்துப் பெயர்ப்புகள் பூரணமல்ல, ஆகவே வெளியிடத் தகுதியற்றவை என்ற தயக்கம் அலுவலக மரபில் நெடுங்காலமாக உண்டு. அத்தயக்கத்தை நான் மதிக்கிறேன். பிழையுள்ளதைத் தன் பெயரால் வெளியிட அஞ்சுவது அறிஞனுக்குரிய குணம். ஆனால் பூரணத்துக்காகக் காத்திருந்து எண்பது ஆண்டுகள் கடந்தன. கிருஷ்ண சாஸ்திரி 1923-இல் மொழிபெயர்ப்பை விட்டதுபோல, இப்பொழுது இறுதிப் பரிசோதனை என்ற நிபந்தனையை விடலாம். பெயர்ப்பு முதற்பெயர்ப்பு என்றே குறிக்கப்படட்டும். எழுதியவர் பெயரும், பார்த்த படியின் எண்ணும், தேதியும் அதன்மேல் இருக்கட்டும். படியின் நிழற்படம் அருகிலேயே இருக்கட்டும். பின்னர் ஒருவர் திருத்தினால், திருத்தியவர் பெயரோடும் தேதியோடும் அது சேரட்டும். பழைய வாசகம் அழிக்கப்படாமல் அடியில் நிற்கட்டும்.

ஒரே ஆண்டின் சேகரிப்பை எடுத்துக்கொண்டு தொடங்கினால் போதும். உதாரணமாக, வெங்கய்யா மறைந்த 1912-ஆம் ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் கண்ட தமிழ்ச் சாஸனங்களின் படிகள் ஒவ்வொன்றும் இன்று மைசூரில் இருக்கிறதா, சென்னையில் இருக்கிறதா என்று தேடி, அதற்குரிய பெயர்ப்பை எடுத்து, கோயிலுக்குச் சென்று அந்தக் கல் இன்னும் சுவரில் நிற்கிறதா என்று பார்த்து, மூன்றையும் ஒரே எண்ணின் கீழ் வெளியிடும் வேலைக்கு நாலைந்து பேர் கொண்ட ஒரு குழுவும் ஓராண்டுக் காலமும் போதுமென்று தோன்றுகிறது. எத்தனை கற்கள் நிற்கின்றன என்பதும் அப்போதுதான் தெரியவரும்.